கராஜில் கோல்ஃப் சிமுலேட்டர்: அளவெடுப்பதிலிருந்து சோதனை அடி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் புறநகர் வீட்டின் இரண்டு கார் கராஜில் கோல்ஃப் சிமுலேட்டர் அமைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிமுலேட்டர் என்பது, திரையை நோக்கி அடித்த பந்தை ஒரு கருவி அளந்து, அது மைதானத்தில் எங்கே போயிருக்கும் என்று புரொஜெக்டர் வழியே அதே திரையில் காட்டும் அமைப்பு. என் வீட்டில் ஒன்றை அமைத்து முடித்த பிறகு, நண்பர்கள் சிலருடைய கராஜ்களிலும் உடனிருந்து வேலை செய்திருக்கிறேன். பொருள்களின் தரம் சரியில்லாமல் தோற்றவர்களை விட, அவற்றை வாங்கிய வரிசை தவறியதால் திண்டாடியவர்களே அதிகம். தள்ளுபடியில் கிடைத்தது என்று முதலில் புரொஜெக்டரை வாங்கி, அதற்கேற்பத் திரையை வாங்கி, மிச்சமிருந்த இடத்தில் பந்தை வைத்து, கடைசியில் கிளப்பை (பந்தடிக்கும் மட்டையை) ஓங்கினால் அது கராஜ் கதவின் இரும்புத் தண்டவாளத்தில் இடிக்கிறது என்று ஒருவர் கைபிசைந்து நின்றதைப் பார்த்தேன்.

அவர் செய்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் சரியான வரிசை கிடைத்துவிடும். முதலில் உங்கள் ஸ்விங், அதாவது கிளப்பை வீசும் அசைவு, அடுத்து பந்து நிற்கும் புள்ளி, பிறகு பந்தை அளக்கும் கருவியான லாஞ்ச் மானிட்டர், அதன் பின்னர் தளமும் திரையும், எல்லாவற்றுக்கும் பிறகே புரொஜெக்டர்.

1. டேப்பை எடுக்கும் முன் கிளப்பை எடுங்கள்

கூரை எத்தனை அடி என்று கேட்டு முடிவெடுப்பதுதான் முதல் தவறு. உயரம் ஒன்றாக இருந்தாலும் இருவரின் ஸ்விங் ஒன்றாக இருக்காது. கை நீளம், குனிந்து நிற்கும் கோணம், முடிவில் கிளப் எங்கே போய் நிற்கிறது என்பவை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாகச் சொன்னால், 8 அடிக் கூரையின் கீழ் பெரும்பாலான பெரியவர்களால் டிரைவரை, அதாவது இருப்பதிலேயே நீளமான கிளப்பை, வீச முடியாது. 9 அடி பலருக்குப் போதும். 10 அடி இருந்தால் கவலையில்லை.

சோதிக்கும் முறை எளியது. டிரைவரின் தலையில் பழைய காலுறை ஒன்றைச் சுற்றிக் கட்டுங்கள். பிளைவுட் துண்டுகளை அடுக்கி, தரையிலிருந்து 3 அங்குலம் உயரமான ஒரு மேடையின் மேல் நில்லுங்கள். முதலில் மெதுவாகவும், பிறகு வழக்கமான வேகத்திலும் வீசுங்கள். ஒருவர் பக்கவாட்டில் நின்று கைபேசியில் ஸ்லோ மோஷன் படம் எடுக்கட்டும். அதன் பிறகு 7 அயர்ன் என்ற நடுத்தரத் தூரக் கிளப்பையும் வீசிப் பாருங்கள். அது குட்டையானதுதான், ஆனால் செங்குத்தாகச் சுழல்வதால் சிலருக்கு டிரைவர் அளவுக்கே உயரம் கேட்கும்.

3 அங்குல மேடை ஏன் என்றால், நீங்கள் கடைசியில் நிற்கப்போவது கான்க்ரீட்டின் மேல் அல்ல. சமப்படுத்தும் கட்டை, பிளைவுட், மேட் (நின்று அடிக்கும் விரிப்பு) எல்லாம் சேர்ந்து அவ்வளவு உயரத்தைக் கூரையிடமிருந்து பறித்துவிடும். தரையிலிருந்து அளந்து சரியாக இருக்கிறது என்று நம்பியவர்கள், மேட் வந்த நாளில்தான் இதை உணர்கிறார்கள்.

கிளப்புக்கும் கூரைக்கும் நடுவே குறைந்தது 6 அங்குலமாவது மிஞ்ச வேண்டும். இடிக்காமல் இருப்பது மட்டும் போதாது. இடித்துவிடுமோ என்ற எண்ணம் உள்ளே இருந்தாலே உடம்பு தானாகக் குறுகிவிடும். அப்படிக் குறுகிய ஸ்விங்கை ஆறு மாதம் பழகிவிட்டு மைதானத்துக்குப் போனால், பயிற்சி செய்யாமலே போயிருக்கலாம் என்று தோன்றும்.

அகலம் 10 அடிக்குக் குறையக் கூடாது. வீட்டில் வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் ஆடுவதாக இருந்தால், பந்து அறையின் நடுவில் இருக்க வேண்டியிருப்பதால் 14 அடியாவது தேவை.

2. பந்தின் புள்ளியைத் தரையில் குறியுங்கள்

ஸ்விங் இடிக்காத இடம் தெரிந்ததும், பந்து நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டிக் குறியிடுங்கள். இனி எந்த அளவையும் சுவரிலிருந்து எடுக்காதீர்கள், இந்தப் புள்ளியிலிருந்து எடுங்கள்.

திரைக்கும் அதன் பின்னால் உள்ள சுவருக்கும் இடையே குறைந்தது 1 அடி வேண்டும். பந்து பட்டதும் திரை பின்னால் தள்ளப்படும், அது சுவரைத் தொட்டால் பந்து பெரும் வேகத்தோடு திரும்பி வரும். திரையிலிருந்து பந்துக்கு 10 அடி வையுங்கள். 8 அடியில் ஆடுபவர்களும் உண்டு, ஆனால் படம் கண்ணுக்கு மிக அருகில் வருவதோடு, திரும்பும் பந்தும் காலுக்கு அருகில் வந்துவிடும். பந்துக்குப் பின்னால் எவ்வளவு என்பதை நீங்கள் வாங்கப்போகும் லாஞ்ச் மானிட்டர் ரேடார் வகையா கேமரா வகையா என்பதுதான் தீர்மானிக்கும். ரேடார் கருவிக்குச் சுமார் 8 அடி வேண்டும், ஆகவே மொத்தம் 19 அடி ஆகிறது. கேமரா கருவிக்கு நீங்கள் வீச 5, 6 அடி இருந்தால் போதும், மொத்தம் 16 அல்லது 17 அடியில் முடிந்துவிடும்.

20 அடி ஆழமுள்ள கராஜில் 19 அடி இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் கராஜின் பின்சுவரில் இரண்டாவது ஃப்ரிட்ஜும், அதன் பக்கத்தில் அரிசி மூட்டைகளும், செருப்பு வைக்கும் அடுக்கும் இருக்கும். அவற்றுக்கான 2, 3 அடியைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

3. லாஞ்ச் மானிட்டரையும் மென்பொருளையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

லாஞ்ச் மானிட்டர் என்பது பந்தின் வேகம், கிளம்பும் கோணம், திசை, சுழற்சி ஆகியவற்றை அளந்து கணினிக்கு அனுப்பும் கருவி. சிமுலேட்டரின் உயிர் இதில்தான் இருக்கிறது. பணத்தின் பெரும்பங்கை இதற்கே ஒதுக்குங்கள். திரையைப் பிறகு மாற்றலாம், ஆனால் தவறான எண்களை நம்பிப் பழகிய ஸ்விங்கை மாற்றுவது கடினம்.

ரேடார் வகை உங்களுக்குப் பின்னால் தரையில் உட்காரும். கார்மின் அப்ரோச் ஆர்10, ஃப்ளைட்ஸ்கோப் மெவோ பிளஸ் ஆகியவை இந்த வகை. ஆர்10 பந்துக்கு 6 முதல் 8 அடி பின்னால் இருக்க வேண்டும், பந்து முன்னால் குறைந்தது 8 அடியாவது பறக்க வேண்டும். பறக்கும் பந்தைத் தொடர்ந்து பார்த்தே ரேடார் அளக்கிறது என்பதால், அறைக்குள் கிடைக்கும் குறுகிய தூரத்தில் சுழற்சியைச் சரியாகப் பிடிக்க அது சிரமப்படும். இதற்காகவே பந்தில் ஒட்டும் உலோகப் புள்ளிகளும், ரேடாரைத் திருப்பி அனுப்பும் குறியை உறைக்கு அடியில் பதித்த டைட்டலிஸ்ட் ஆர்சிடி பந்துகளும் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: அசையும் எதையும் ரேடார் பார்க்கும். மின்விசிறியை ஓடவிட்டு ஆடினால் வராத அடிகளும் வந்ததாகப் பதியக்கூடும்.

கேமரா வகை பந்துக்குப் பக்கத்தில் உட்காரும் அல்லது கூரையில் தொங்கும். ஸ்கைடிராக், ஃபோர்சைட் ஜிசி3 ஆகியவை பக்கத்தில் வைப்பவை. பந்து கிளம்பும் கணத்தையே படம் பிடிப்பதால் ஆழம் குறைந்த கராஜுக்கு இவை பொருந்தும். ஆனால் வலக்கைக்காரர் ஆடி முடித்து இடக்கைக்காரர் வரும்போதெல்லாம் கருவியை மறுபக்கம் தூக்கி வைக்க வேண்டும். யூனீக்கர் ஐ எக்ஸ்ஓ போலக் கூரையில் பொருத்துபவற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு 9 முதல் 10 அடி உயரத்தில் இடம் வேண்டும், பொருத்தும் இடத்தில் உறுதியான மரச்சட்டமும் வேண்டும். கராஜ் சன்னல் வழியே நேரடி வெயில் பந்தின் மேல் விழுந்தால் கேமரா கருவிகள் தடுமாறும் என்பதால் சன்னலுக்குத் திரை போடுங்கள்.

வாங்குவதற்கு முன், நீங்கள் ஆட விரும்பும் மென்பொருளோடு அந்தக் கருவி பேசுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிஎஸ்ப்ரோ விண்டோஸில் மட்டுமே ஓடும். இ6 கனெக்டுக்கு ஐபேட் பதிப்பும் உண்டு. சில கருவிகளில் வெளி மென்பொருளை இணைக்கத் தனியாக ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். கருவியின் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கியவர்கள் சந்தாவைக் கூட்டிப் பார்க்கும்போது, விலை கூடுதலான கருவியே மூன்று ஆண்டுகளில் மலிவாக முடிந்திருக்கும் என்று கண்டதுண்டு.

4. கூரையிலும் சுவரிலும் இருப்பவற்றை ஒழுங்கு செய்யுங்கள்

கராஜ் கதவு திறந்தால் அது கூரைக்குக் கீழே படுக்கைவாட்டில் வந்து நிற்கிறது. அதன் தண்டவாளங்களும், நடுவில் தொங்கும் மோட்டாரும் ஸ்விங்குக்கு வேண்டிய உயரத்தை விழுங்கிவிடும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. நடு மோட்டாரை எடுத்துவிட்டு, கதவின் பக்கச் சுவரில் பொருத்தும் லிஃப்ட்மாஸ்டர் 8500 டபிள்யூ போன்ற மோட்டாரை வைப்பது ஒன்று. தண்டவாளத்தையே கூரையை ஒட்டி உயர்த்துவது மற்றொன்று. இரண்டாவது வேலையை நீங்களே செய்யத் துணியாதீர்கள். கதவுக்கு மேலே இருக்கும் முறுக்கு ஸ்பிரிங்கில் கதவின் முழு எடையைத் தூக்கும் விசை அடைபட்டிருக்கிறது. அது கையில் நழுவினால் எலும்பு உடையும். கதவு வேலை செய்பவரை அழையுங்கள்.

எரிவாயு வாட்டர் ஹீட்டர் கராஜில் இருந்தால் அதை மறைத்து வலையோ துணியோ கட்டக் கூடாது. அதற்குக் காற்றும் வேண்டும், தீப்பிடிக்கும் பொருள்கள் அதனருகே இருக்கவும் கூடாது. அதன் பக்கம் பந்து போகாதபடி திரையின் திசையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

அடுத்து, வீட்டிலிருந்து கராஜுக்குத் திறக்கும் கதவு. நான் கிளப்பைப் பின்னால் ஓங்கும் பேக்ஸ்விங்கின் உச்சியில் இருந்த நேரத்தில் என் அம்மா, ஃப்ரிட்ஜில் வைப்பதற்காக இட்லி மாவுப் பாத்திரத்தை இரு கையாலும் ஏந்தியபடி அந்தக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். கிளப்பின் தலைக்கும் அவருக்கும் இடையே இரண்டடிதான் இருந்திருக்கும். அன்று மாலையே கதவின் உள்பக்கம், சிறுபிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் போட்டேன். சமையலறைப் பக்கம் சிறிய சிவப்பு விளக்கு ஒன்றும் வைத்தேன், ஆட்டம் நடக்கும்போது அது எரியும். பந்தின் புள்ளியைக் குறித்த உடனே அந்தக் கதவு ஸ்விங் வட்டத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் புள்ளியை நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் தாழ்ப்பாள் போடாமல் ஒரு பந்தைக்கூட அடிக்காதீர்கள்.

5. மின்சாரமும் இணையமும்

அமெரிக்க வீட்டில் 120 வோல்ட், 15 ஆம்பியர் சர்க்யூட் ஒன்று 1800 வாட் தாங்கும். தொடர்ந்து ஓடும் சுமைக்கு அதில் 80 விழுக்காடு, அதாவது 1440 வாட், என்று வைத்துக்கொள்ள வேண்டும். கணினிக்கும் புரொஜெக்டருக்கும் இது போதும். பனிக்காலத்தில் 1500 வாட் ஹீட்டரை அதே சர்க்யூட்டில் சொருகினால் பிரேக்கர் விழுந்துவிடும். ஃப்ரிட்ஜும் அதிலேயே இருந்தால் யாரும் கவனிக்காமல் ஓர் இரவு கழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுப்போகும். சிமுலேட்டருக்குத் தனி சர்க்யூட் ஒன்றை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு இழுத்துவிடுங்கள்.

சுவரைத் தொடும் இந்த நேரத்திலேயே இணையக் கேபிளையும் கராஜுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. வீட்டு வைஃபை கராஜை எட்டும்போது பெரும்பாலும் களைத்திருக்கும். புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிள் 25 அடியைத் தாண்டினால், ஒளியிழை வகையை வாங்குங்கள். அதில் கணினிக்கான முனையும் புரொஜெக்டருக்கான முனையும் வெவ்வேறு. திசை மாற்றிச் சுவருக்குள் இழுத்துவிட்டால் மறுபடி பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பதால், உள்ளே விடுவதற்கு முன் ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.

6. தளத்தைச் சமப்படுத்தி மேட்டைப் போடுங்கள்

கராஜ் தரை சமமாக இருப்பதில்லை, இருக்கவும் கூடாது. மழை நீரும் கரைந்த பனியும் வெளியே ஓடுவதற்காக, பொதுவாக அடிக்கு 8-இல் 1 அங்குலம் என்ற கணக்கில் கதவை நோக்கிச் சரித்திருப்பார்கள். 20 அடிக்கு இது இரண்டரை அங்குலம். பார்வைக்குத் தெரியாத இந்தச் சரிவு ஆட்டத்தில் நன்றாகவே தெரியும். கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து அடித்தால் ஏற்றத்தில் நின்று அடிப்பதாகும். பக்கச்சுவரைப் பார்த்து அடித்தால் பந்து பாதத்தை விட உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். தட்டையான நிலம் என்றே மென்பொருள் காட்டும், உங்கள் கால்களோ சரிவில் இருக்கும்.

ஆகவே, ஒருபுறம் மெலிந்து வரும்படி அறுத்த கட்டைகளை முதலில் வைத்து, அவற்றின் மேல் முக்கால் அங்குலப் பிளைவுட்டைத் திருகி, நீளமான ரசமட்டத்தை நான்கு திசையிலும் வைத்துப் பாருங்கள். நீங்கள் நிற்குமிடம், பந்து இருக்குமிடம், கருவி உட்காருமிடம் ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் வைக்கும் கேமரா கருவி, பந்தை விட அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும் கிளம்பும் கோணத்தைத் தவறாகப் படிக்க வாய்ப்பிருக்கிறது.

மேட்டில் சிக்கனம் வேண்டாம். கான்க்ரீட்டின் மேல் மெல்லிய மேட்டைப் போட்டு நாளுக்கு நூறு பந்து அடித்தால், கிளப் தரையில் மோதும் அதிர்ச்சி மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறங்கும். எனக்குத் தெரிந்த இருவர் இதனால் மாதக்கணக்கில் கிளப்பைத் தொட முடியாமல் இருந்தார்கள். கடினமான மேட்டில் இன்னொரு தீமையும் உண்டு. பந்துக்குப் பின்னால் தரையில் பட்ட கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். புல்தரையில் மண்ணைத் தோண்டி நின்றிருக்கக்கூடிய அடி, இங்கே 150 கஜம் போனதாகக் காட்டும். கிளப் கொஞ்சம் புதையக்கூடிய இழை அல்லது ஜெல் வகை மேட், அதிலும் அடிக்கும் பட்டையை மட்டும் தனியாக மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பந்துக்கும் திரைக்கும் இடையே உள்ள தரையையும் செயற்கைப் புல்லால் மூடுங்கள். வெறும் கான்க்ரீட்டில் விழும் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது.

7. சட்டம், திரை, பக்கக் காப்பு

சட்டத்துக்கு இங்கே பலரும் பயன்படுத்துவது 1 அங்குல இஎம்டி மின்குழாய், அதாவது மின்கம்பிகளை உள்ளே இழுக்கும் உலோகக் குழாய். மலிவானது, வன்பொருள் கடைகளில் எளிதாகக் கிடைப்பது. மூலை இணைப்புகளை வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 1 அங்குலம் என்பது அதன் பெயரளவுதான், வெளி விட்டம் 1.163 அங்குலம். இஎம்டி குழாய்க்கு என்று சொல்லி வாங்காவிட்டால் இணைப்பு பொருந்தாது.

சட்டத்தைச் சுவரோடு இணைத்துத் திருகாமல் தனியாக நிற்க விடுங்கள். பந்து திரையில் மோதும் ஒவ்வொரு முறையும் அதிர்வு மரச்சட்டங்கள் வழியே வீடு முழுக்கப் பரவும். பல வீடுகளில் கராஜுக்கு நேர் மேலே படுக்கையறை இருக்கிறது. குழாயின் அடியில் தடிமனான ரப்பர்த் துண்டுகளை வைத்தால் சத்தம் கணிசமாகக் குறையும்.

திரையைக் கட்டுவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சினிமாத் திரை போலச் சுருக்கமே இல்லாமல் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். படம் அழகாகத் தெரியும், பந்து மத்தளத்தில் பட்டது போலத் திரும்பும். அப்படி இழுத்துக் கட்டிய என் முதல் திரையிலிருந்து திரும்பிய 7 அயர்ன் அடி ஒன்று என் முழங்கால் எலும்பில் பட்டு, இரண்டு வாரம் நொண்டினேன். 46 கிராம் எடைதான், ஆனால் அந்த வேகத்தில் அது கல். திரையின் ஓட்டைகளைச் சட்டத்தோடு ரப்பர் கயிற்றுக் கொக்கிகளால் இணைத்து, மேல்பக்கமும் பக்கவாட்டிலும் சுருக்கம் மறையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கீழ்ப்பக்கத்தைத் தளர விடுங்கள். திரைக்குப் பின்னால், அதைத் தொடாமல், தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் மீதி விசையையும் அது வாங்கிக்கொள்ளும்.

சோதிப்பதிலும் வரிசை உண்டு. முதலில் பந்தைக் கையால் எறியுங்கள். அடுத்து, பந்தை உயரத் தூக்கி அடிக்கும் குட்டைக் கிளப்பான வெட்ஜால் அரை வீச்சு, பிறகு 7 அயர்ன், கடைசியில்தான் டிரைவர். பந்து திரையில் பட்டுக் கீழே விழுந்து, உங்களை நோக்கி மெதுவாக உருண்டு, பாதி வழியில் நின்றால் இறுக்கம் சரி.

பக்கக் காப்பின் நீளத்தை ஊகித்து வைக்காதீர்கள், கணக்கிட்டு வையுங்கள். கிளப்பின் தலையும் தண்டும் சேரும் கழுத்தில் பட்ட பந்து 45 பாகை வரை பக்கவாட்டில் சீறும். 10 அடி அகலத் திரையின் நடுவுக்கு நேராக, 10 அடி தூரத்தில் பந்து இருப்பதாகக் கொள்வோம். 45 பாகையில் கிளம்பும் பந்து முன்னால் 5 அடி போவதற்குள் பக்கவாட்டிலும் 5 அடி போய், திரையின் ஓரக்கோட்டைத் தாண்டிவிடும். எனவே பக்க வலை திரையிலிருந்து உங்களை நோக்கிக் குறைந்தது 5 அடி நீள வேண்டும். கடையில் வரும் 2 அல்லது 3 அடிப் பக்கத்துணி இந்த அடியைத் தடுக்காது. விருந்தினர்கள் ஆடும் வீடு என்றால் இன்னும் ஓரடி கூட்டுங்கள், கழுத்தில் அடிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

மேல்புறத்துக்கும் இதே கணக்குத்தான். 35 பாகையில் கிளம்பும் வெட்ஜ் அடி 10 அடி தூரத்தில் 7 அடி உயரத்தில் திரையைத் தொடும். 45 பாகையில் கிளம்பினால் 9 அடிக் கூரையையே தொட்டுவிடும். திரையின் மேல் விளிம்பிலிருந்து கூரையை ஒட்டி, பந்தின் பக்கமாக 4, 5 அடிக்கு ஒரு வலையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கூரையில் பதித்திருக்கும் அரை அங்குல டிரைவால் (ஜிப்சம் பலகை) நேரடி அடியைத் தாங்காது, உடைந்துவிடும். முன்பக்கம் தெரியும் குழாய்கள் எல்லாவற்றையும் தடித்த நுரையால் மூடுங்கள். குழாயில் பட்ட பந்துக்கு வேகம் பெரிதாகக் குறையாது.

8. புரொஜெக்டரை இப்போது தேர்ந்தெடுங்கள்

திரை தொங்கிய பிறகுதான் படத்தின் உண்மையான அகலம் தெரியும். எறிவிகிதம் என்ற எண்ணை அந்த அகலத்தால் பெருக்கினால் லென்ஸுக்கும் திரைக்கும் இடையே வேண்டிய தூரம் வரும். புரொஜெக்டரின் முழு அகலமும் பயன்படும் 10 அடி அகலப் படத்துக்கு, விகிதம் 0.5 என்றால் 5 அடி. 0.8 என்றால் 8 அடி.

இந்த 3 அடி வேறுபாட்டை அற்பமாக நினைக்காதீர்கள். பந்து திரையிலிருந்து 10 அடியில் இருக்கிறது. 8 அடியில் தொங்கும் புரொஜெக்டர் உங்களுக்கு இரண்டே அடி முன்னால், உங்கள் ஸ்விங் முடிந்து மேலேறும் பாதையில் இருக்கும். 9 அடிக் கூரையில் அது கிளப்பில் அடிபடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. 5 அடியில் இருப்பது பெரும்பாலும் தப்பிவிடும். வாங்குவதற்கு முன், அதே அளவுள்ள அட்டைப் பெட்டி ஒன்றைக் கூரையில் அந்த இடத்தில் தொங்கவிட்டு, காலுறை கட்டிய கிளப்பை மறுபடி வீசிப் பாருங்கள். கூரை இடம் தராவிட்டால், தரையில் உறுதியான காப்புப் பெட்டிக்குள் வைப்பது அடுத்த வழி.

ஆஃப்செட் என்ற எண்ணைப் பலர் படிப்பதே இல்லை. ஒரு புரொஜெக்டரின் ஆஃப்செட் 115 விழுக்காடு என்றால், கூரையில் தலைகீழாகப் பொருத்தும்போது, படத்தின் மேல் விளிம்பு லென்ஸிலிருந்து படத்தின் உயரத்தில் 15 விழுக்காடு கீழே தொடங்கும். 7.5 அடி உயரப் படத்துக்கு இது சுமார் 1.1 அடி. லென்ஸ் 8.5 அடியில் இருந்தால் படம் 7.4 அடியில் தொடங்கித் தரையைத் தொட்டுவிடும். இதைவிட ஆஃப்செட் கூடிய ஒன்றை வாங்கினால் படத்தின் அடிப்பகுதி தரையில் விழும்.

அப்போது பலர் கீஸ்டோன் திருத்தத்தை நாடுகிறார்கள். அது படத்தை மின்னணு முறையில் நசுக்கிச் சதுரமாக்குகிறது. தெளிவு குறையும், சில கருவிகளில் படம் தாமதமாகவும் வரும். இடம் சரியில்லை என்றால் லென்ஸையே நகர்த்தும் வசதியுள்ள புரொஜெக்டரை வாங்குவது மேல்.

திரையின் வடிவத்தையும் பாருங்கள். கராஜ் திரைகள் பெரும்பாலும் 4:3 விகிதத்துக்கு நெருக்கமாக, உயரமாக இருக்கும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட புரொஜெக்டரை 4:3 ஆக வைத்தால் 1440 புள்ளிகள் மட்டுமே அகலத்துக்குப் பயன்படும், அதே அகலப் படத்துக்கு மேலே சொன்ன தூரமும் மூன்றில் ஒரு பங்கு கூடும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பிறகு வருத்தம் இல்லை. ஒளி 3000 லூமென்ஸுக்குக் குறையாமல் இருக்கட்டும். பந்துக்கு மேலே ஒரு விளக்கு எரிய வேண்டியிருப்பதால் அறை முழுவதும் இருட்டாக இருக்காது.

கூரையில் துளையிடும் முன் ஏணியின் மேலோ தற்காலிகத் தாங்கியிலோ வைத்து ஒரு வாரமாவது ஆடுங்கள். துளையிட்ட பின் நகர்த்தும் ஆசை எல்லாருக்கும் வருகிறது.

9. கணினி

இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தனி கிராஃபிக்ஸ் அட்டையும் 16 ஜிபி நினைவகமும் உள்ள விளையாட்டுக் கணினி ஒன்று போதும். அதைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பந்துக்குப் பின்னால், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள், கராஜின் தூசி தரையை ஒட்டித்தான் திரளும். தூங்கும் நிலைக்குப் போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள், ஆட்டத்தின் நடுவே கருவியோடு தொடர்பு அறுவது பெரும்பாலும் இதனால்தான்.

10. நேர்செய்தலும் சோதனையும்

பந்தின் புள்ளியிலிருந்து திரைக்குச் செங்குத்தாக ஒரு கோடு வேண்டும். லேசர் மட்டக் கருவி இருந்தால் அதன் ஒளிக்கோட்டை மேட்டிலிருந்து திரை வரை விழச்செய்து, மேட்டின் மேல் மெல்லிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கருவியை அந்தக் கோட்டுக்கு இணையாக வையுங்கள். கண்ணால் பார்த்து வைப்பது போதாது. 1 பாகை பிழை 10 அடித் திரையில் 2 அங்குலம்தான், யாருக்கும் தெரியாது. அதே பிழை 200 கஜ அடியில் மூன்றரை கஜம். 3 பாகை தவறினால் பத்து கஜத்துக்கு மேல் போய்விடும். அதைத் தன் ஸ்விங்கின் குறை என்று நினைத்து, ஒருவர் இரண்டு மாதம் தன் கிளப் பிடியை மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய ரேடாரை அரை அங்குலம் திருப்பி வைத்ததும் பந்து நேராகப் போனது.

பந்து திரையின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால், கருவியைத் திரையின் நடுவை நோக்கித் திருப்பக் கூடாது. கருவி கோட்டுக்கு இணையாகவே இருக்கட்டும், இலக்கை நகர்த்தும் வசதி மென்பொருளில் இருந்தால் அதைக் கொண்டு படத்தை நகர்த்துங்கள்.

அடுத்து, மைதானத்தில் எத்தனை கஜம் போகிறது என்று நன்றாகத் தெரிந்த ஒரு கிளப்பை, பெரும்பாலும் 7 அயர்னை, எடுத்துப் பத்துப் பந்து அடியுங்கள். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிட்டு, மீதியை உங்களுக்குத் தெரிந்த தூரத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே அளவில் கூடவோ குறையவோ இருந்தால், மென்பொருளில் கடல்மட்ட உயரமும் வெப்பநிலையும் என்னவாக இருக்கின்றன என்று பாருங்கள். சில அடிகள் சரியாகவும் சில அடிகள் அபத்தமாகவும் வந்தால் அது வெளிச்சம், மின்விசிறி, பந்தின் குறி ஆகியவற்றில் ஒன்றின் கோளாறு. ஒவ்வொன்றாக மாற்றிச் சோதியுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

11. முதல் மாதத்தில் கவனிக்க வேண்டியவை

வெட்ஜின் கூர்மையான கோடுகள் பந்தின் தோலைப் பிறாண்டும், அந்தப் பிசிறுகள் திரையின் இழையை அறுக்கும். பந்தை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பானவற்றை மைதானப் பைக்கு அனுப்பிவிடுங்கள். மைப்பேனாவால் குறியிட்ட பந்துகள் திரையில் கறை விடும், அவையும் வேண்டாம்.

வாரம் ஒருமுறை திரையின் கொக்கிகளையும், குழாய் இணைப்புகளின் திருகுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். முதல் மாதத்தில் அவை தளரும். ரசமட்டத்தையும் மேட்டின் மேல் ஒருமுறை வையுங்கள், ஏனென்றால் புதிய கட்டைகள் எடை ஏற ஏறக் கொஞ்சம் அமரும். அவை அமர்ந்திருந்தால் கட்டையின் அடியில் மெல்லிய தகடு செருகிச் சமப்படுத்திவிட்டு, பத்தாம் பகுதியில் சொன்ன லேசர்க் கோட்டை மறுபடி சரிபாருங்கள்.